குருவியின் பின்சக்கரம்

காவல் நிலையத்தின் பின்கட்டில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை இன்ஸ்பெக்டர் லத்தியால் தட்டித் தட்டிக் காட்டினார். அந்தத் தட்டலே மிளகாய்க்கு எரிச்சலைக் கிளப்பியது.

“நல்லா பாத்துக்குங்க மேடம். முன்சக்கரம் பெருசு, பின்சக்கரம் சின்னது. ஒரு வண்டிக்கு ரெண்டு சக்கரத்தையும் ஒரே அளவுல மாட்டத் தெரியாதவன், இவன் ஒரு மெக்கானிக்கு! இவன் பிரேக் போல்ட்ட மட்டும் ஒழுங்கா முறுக்கியிருப்பான்னு நீங்க நம்பறீங்க?”

“சார், எங்க வீட்டுலயும் அப்பா பெருசு, அம்மா சின்னது” என்றான் ஒல்லி. “வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. எட்டுப் புள்ளைங்க.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மிளகாயும் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தபோது அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பெயர்ப் பலகையிலும் அதையே எழுதிவிடலாம் என்று யோசனை சொன்னவன், அவளுடைய உதவியாளனான இதே ஒல்லிதான். அவன் பெயருக்கும் அவன் உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாற்காலியில் உட்காரும் முன் அதைத் தூக்கி நாலு காலையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

“சைக்கிள் கம்பெனி முதலாளி என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“பாவம், நல்ல மனுஷன். கண் கலங்கிட்டாரு. ‘என் மக மாதிரி வளர்த்தேன், கூடப் பொறந்த அண்ணனே இப்படிக் கவனக்குறைவா இருந்துட்டானே’ன்னாரு. அந்தப் பொண்ணு விழுந்ததும் முதல்ல ஓடிப்போய்ப் பாத்ததே அவர்தான்.”

கம்பிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையைத் தூக்கவே இல்லை. விரல் இடுக்குகளில் இன்னும் கிரீஸ் இருந்தது. “நான் முறுக்கினேன் மேடம்” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். “அன்னிக்குக் காலையில பார்சல் வந்திருக்கு, எடுத்துட்டு வான்னு என்னை ரயில் நிலையத்துக்கு அனுப்பினாங்க. பார்சலே வரல. திரும்பி வர்றதுக்குள்ள தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. என் கையால முறுக்கின போல்ட் தானா கழலாது.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

மிளகாய்க்கு நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

விழுந்தது குருவி, மெக்கானிக்கின் தங்கை, அந்தக் கம்பெனி அணிக்காக ஓட்டுகிறவள். மலைச் சைக்கிள் பந்தயத்தில் நாலு பேர் பெயரைச் சொன்னால் அதில் ஒரு பெயர் அவளுடையது. ஆள் குள்ளம், எடை கிடையாது, வளைவுகளில் பறப்பாள். பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, தனியாகப் பயிற்சிக்கு இறங்கியவள், செங்குத்தான பாறைச் சரிவு முடிந்து பாதை மடங்கித் திரும்பும் இடத்தில் திரும்பாமல், நேரே விளிம்பைத் தாண்டிப் போய்விட்டாள். இடுப்பெலும்பும் காறை எலும்பும் உடைந்தன. அந்தக் காலை நேரம் மொத்தமும் அவள் நினைவிலிருந்து துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குருவியின் அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மிளகாயைத் தேடி வந்து இந்த வழக்கைக் கொடுத்தவளே அவள்தான்.

“இதப் பாருங்க மேடம். விழுந்தப்போ போட்டிருந்த துணி. டாக்டருங்க வெட்டி எடுத்துப் பையில போட்டுக் கொடுத்தாங்க. ஒரே சேறு. இதக் கேட்டுக் கம்பெனி ஆளு ரெண்டு தரம் வந்துட்டான்.”

“எதுக்காம்?”

“கம்பெனி சட்டையாம், திருப்பிக் கொடுத்துடணுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என் நாத்தனா எழுந்து ஒக்கார முடியாமக் கெடக்கா, என் வீட்டுக்காரர் உள்ள கெடக்காரு, இவனுங்களுக்குக் கிழிஞ்ச சட்ட வேணுமாம். ‘தொட்டே, கைய ஒடச்சிடுவேன்’னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“ரொம்ப நல்ல காரியம் பண்ணே” என்றாள் மிளகாய்.

“நம்ம ஆபீசுக்கு இவங்களை வாச்மேனா போடலாம் மேடம்” என்றான் ஒல்லி.

பையைப் பிரித்தாள். சட்டையில் விசேஷம் ஒன்றுமில்லை. சிவப்பு மண், காய்ந்த ரத்தம், கத்தரி போட்ட வெட்டு. கால்சட்டையை விரித்ததும் கை நின்றது. உட்காரும் பக்கத்தில், நட்டநடுவில், நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு இழுவை. துணி அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து, சூட்டில் இறுகி, மினுமினுத்தது.

“பாறையில சறுக்கியிருக்கும்” என்றான் ஒல்லி.

“அந்த மலையில பாறையும் மண்ணும் சிவப்பு. இது கறுப்பு. முட்டியில, முழங்கையில எல்லாம் சிவப்புதான் இருக்கு. இங்க மட்டும் கறுப்பு ஏன்?” மோந்து பார்த்தாள். “ரப்பர்.”

உள்ளே குருவி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள்.

“அண்ணன் எங்க அண்ணி? மூஞ்சியையே காட்டலையே.”

“கம்பெனி வேலையா வெளியூர் போயிருக்காரு” என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மிளகாய் கட்டிலருகே குனிந்தாள். “குருவி, உன் வண்டியில எப்பவாவது பின்சக்கரம் உன் மேல உரசியிருக்கா?”

“என் வண்டியிலயா? ஒருநாளும் இல்ல. அது உரசக் கூடாதுன்னுதானே அண்ணன் எனக்குச் சின்னதா மாட்டினான்.” அதற்குள் மருந்து மயக்கம் அவளை இழுத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் ஒல்லி கேட்டான்: “உரசக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?”

“தெரியல. அன்னிக்குக் காலையில அதே மலையில இன்னொருத்தியும் பயிற்சியில இருந்தாளாம். அவகிட்டப் போவோம்.”

அந்த இன்னொருத்தி நெட்டை. எதிரணியின் முதல் ஆள். பந்தயத்தில் குருவிக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது என்று ஊரே சொன்னது. மலையடிவாரக் கொட்டகையில் இரண்டு சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள், இவர்களைக் கண்டதும் துணியைத் தரையில் அடித்தாள்.

“வாங்க, வாங்க. நான்தான் தள்ளிவிட்டேன்னு எழுதிக்குங்க. எல்லாரும் அதத்தான் பேசறாங்க. நான் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தேன், எதையும் பாக்கல. அவளை முந்தணும்னுதான் நான் இவ்வளவு நாளா உயிரக் கொடுத்துப் பழகறேன். கீழ விழுந்து கெடக்கறவள முந்தி எனக்கு என்ன ஆகப் போகுது?”

“நீ தள்ளிவிட்டேன்னு நான் சொல்லல” என்றாள் மிளகாய். “எனக்குச் சக்கரத்தப் பத்தித் தெரியணும். சொல்லிக் கொடுக்கறியா, இல்ல இன்னும் கொஞ்சம் கத்தணுமா?”

நெட்டை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபக்காரிக்குக் கோபக்காரியை அடையாளம் தெரியும். “மேல வாங்க” என்று இரண்டு வண்டிகளையும் உருட்டிக்கொண்டு நடந்தாள்.

பாதையின் நடுவே கணுக்கால் உயரக் கற்கள் வரிசையாக முளைத்திருந்தன. நெட்டை ஒல்லியைச் சின்னச் சக்கர வண்டியில் ஏற்றினாள். ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது, ஒவ்வொரு குழியிலும் விழுந்தது. ஒல்லியின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மிளகாய் வரை கேட்டது. அடுத்து பெரிய சக்கர வண்டி. அதே கற்கள்மேல் அது ஏறிப் படர்ந்து, குழிகளுக்கு மேலே அப்படியே போய்விட்டது.

“மேடம், இது சைக்கிள் இல்ல, சோஃபா!” என்று கத்தினான். “நான் பந்தயத்துக்கே...”

வார்த்தை முடியவில்லை. பாதை மடங்கித் திரும்பியது. ஹேண்டில்பாரை அவன் திருப்பினான். வண்டி அவசரப்படவில்லை. அகலமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பலாம் என்று அது நினைக்க, அகலத்துக்கு அங்கே பாதை இல்லை. ஒல்லி புதருக்குள் போய்ச் சேர்ந்தான்.

“அவ்வளவுதான் விஷயம்” என்றாள் நெட்டை. “பெரிய சக்கரம் கல்லு குழின்னா கவலையே படாது. புடிச்ச வேகத்த விடாது, போற கோட்ட விட்டு நகராது. நேர்ப்பாதைக்கு அது வரம். ஆனா இடுக்கமான வளைவுல திரும்புன்னா ஒடனே திரும்பாது, நீங்க முன்கூட்டியே சொல்லி வைக்கணும். சின்னது அப்படியே எதிர். முட்டும், மோதும், ஆனா சொன்ன ஒடனே திரும்பும்.”

“அப்போ குருவி வண்டியில முன்னாடி பெருசு, பின்னாடி சின்னது?”

“ரெண்டு நல்லதும் ஒரே வண்டியில. கல்ல முதல்ல சந்திக்கறது முன்சக்கரம், அது பெருசா இருந்தா ஏறிக்கும். பின்னாடி சின்னதா இருந்தா வால் சுருக்கா வளையும். அவ அண்ணன் அத மாட்டின அன்னிக்கு எங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சுது. இந்த இன்ஸ்பெக்டர் என்னமோ தெரியாமப் பண்ணிட்டான்னு சொல்றாராமே, அவர ஒரு தரம் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க.”

“அவருக்கும் இங்க ஒரு புதர் இருக்குன்னு சொல்றேன்” என்றான் புதருக்குள்ளிருந்து ஒல்லி.

மிளகாய் சரிவைக் காட்டினாள். “குருவி போன பாறைச் சரிவு இதானே? எப்படி எறங்குவீங்க?”

நெட்டை பெரிய சக்கர வண்டியில் ஏறி, சரிவின் உச்சியில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினாள். பெடலில் எழுந்து நின்று, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் தள்ளினாள். “இப்படி. ஒடம்பு பின்னாடி போகலன்னா தலைகுப்புற விழ வேண்டியதுதான்.”

மிளகாயின் பார்வை நெட்டையின் பின்புறத்துக்கும் டயருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நின்றது. ஒரு சாண் இருக்கும். “உனக்குக் கால் நீளம். இந்த வண்டியில குருவி இருந்தா?”

“இருக்கவே மாட்டா. அவளுக்கு இந்த இடைவெளியே கிடைக்காது. பின்னாடி போனா நேரா டயர் மேலதான் உக்காரணும். சுத்தற டயர் துணியப் புடிச்சு ஆள முன்னாடி தள்ளிடும், அப்புறம்...” நெட்டையின் வாய் பாதியில் நின்றது. சரிவின் அடியில் இருந்த விளிம்பைப் பார்த்தாள். பிறகு மிளகாயைப் பார்த்தாள்.

மிளகாயின் முகம் இறுகிவிட்டது. ஒல்லிக்கு அந்த முகம் தெரியும். இலை தழைகளைத் தட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அருகில் வந்து நின்றான்.

“அந்தக் கறுப்பு, டயரோட கறுப்பு” என்றாள். “ஸ்டேஷன்ல நிக்கற வண்டியில அந்தக் கறை வர வழியே இல்ல. அவ விழுந்தது அந்த வண்டியிலிருந்தே இல்ல.”

“அப்படின்னா அந்த போல்ட்?”

“கழலல. கழட்டியிருக்கான். குள்ளமானவங்களுக்கும் பெரிய சக்கரம்னு ஒருத்தன் ஊரெல்லாம் விளம்பரத் தட்டி வச்சிருக்கானே, பாத்தியா?”

மறுநாள் காலை அந்தத் தட்டிகளின் கீழேதான் கூட்டம் கூடியிருந்தது. கம்பெனி ஷோரூம் வாசலில் புது மாடல் அறிமுகம். ‘எந்த உயரத்துக்கும் பெரிய சக்கரம்’ என்று ஆளுயர எழுத்து. மேடைப் படிகளின் மேல் மரப்பலகைச் சரிவு ஒன்று போட்டு, உயரமான ஒருவன் அதில் இறங்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நிருபர்கள் கேமராவும் கையுமாக இருந்தார்கள். டிவிக்காரர்கள் வருகிறார்கள், பக்கத்தில் நின்றால் போதும் என்று ஒல்லி சொன்ன ஒரே வார்த்தைக்கு, இன்ஸ்பெக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “நம்ம குருவி இன்னிக்கு இங்க இருந்திருக்கணும். என் மக மாதிரி. பழைய வண்டியே போதும்னு புடிவாதம் புடிச்சா. ஹ்ம்.” கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

மிளகாய் மேடையேறினாள்.

“வணக்கம் சார். ஒரு சின்ன ஆசை. இவரு உயரமானவரு, இவரு எறங்கறதுல அதிசயமில்ல. எந்த உயரத்துக்கும்னு போட்டிருக்கீங்க. நீங்களும் குருவி உயரம்தான் இருப்பீங்க. நீங்களே ஒரு தரம் எறங்கிக் காட்டினா பத்திரிகைக்கு நல்ல படமாச்சே?”

கூட்டம் கை தட்டியது. விசில் அடித்தது ஒல்லி. முதலாளி சிரித்தபடி மறுத்தார், மறுத்தபடி சிரித்தார். கேமராக்கள் திரும்பிய பிறகு வேறு வழியில்லாமல் ஏறினார். சரிவின் உச்சியில் வண்டி நின்றது.

“ஒடம்ப பின்னாடி தள்ளுங்க சார்” என்றாள் மிளகாய்.

“பரவால்ல, இப்படியே போறேன்.”

“இப்படியே போனா தலைகுப்புற விழுவீங்க. எல்லா ரைடரும் பின்னாடிதானே தள்ளுவாங்க? தள்ளுங்க.” ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் இடுப்பைப் பின்னால் அழுத்தினாள். “இன்னும். இன்னும் கொஞ்சம்.”

“விடும்மா! டயர்ல மாட்டிக்கும்! அவள மாதிரி நானும் தூக்கி எறியப்படணுமா?”

கைதட்டல் அங்கங்கே தேய்ந்து நின்றது.

“யார மாதிரி சார்?”

முதலாளி அவசரமாக வண்டியை விட்டு இறங்கினார்.

“குருவி ஓட்டினது பழைய வண்டியாச்சே. பின்னாடி சின்னச் சக்கரம். அதுல டயர் எப்படி மாட்டும்?” அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “சார், அந்தப் பொண்ணோட கால்சட்டை என்கிட்ட இருக்கு. பின்பக்கம் டயர் தேய்ச்ச தடம் இருக்கு. உங்க சுவரோரம் நிக்கற வண்டியில எங்க வேணா உக்காந்து பாருங்க, அந்தத் தடம் விழாது.”

“வாய் தவறிடுச்சு” என்றார் முதலாளி. “என்னைக்கோ பட்ட கறையா இருக்கும். இவ யாரு என்னைக் கேக்கறதுக்கு?”

“வாய் தவறல ஐயா.”

குரல் ஜீப் அருகிலிருந்து வந்தது. முதலாளியின் டிரைவர்.

“நான் பார்த்தேன். புது வண்டிய ஓட்ட மாட்டேன்னு அந்தப் பொண்ணு எவ்வளவோ சொல்லிச்சு. என் உயரத்துக்கு இது ஆளையே கொன்னுடும் சார்னு சொல்லிச்சு. ஓட்டலன்னா உன் அண்ணனுக்கு இங்க வேலை இல்லன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் ஏறிச்சு.” ஜீப்பை விட்டு முன்னால் வந்தான். “விழுந்ததும் நான் ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனேன். போனப் புடுங்கிட்டீங்க. முதல்ல கொட்டகைக்குப் போய்ப் பழைய வண்டிய எடுத்துட்டு வான்னீங்க. நான் போயிட்டு வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்க கல்லு மேல முனகிக்கிட்டுக் கெடந்துச்சு. அந்த போல்ட்ட நீங்க கழட்டினதையும் பாத்தேன். இவ்வளவு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன். மெக்கானிக் மூஞ்சிய நெனச்சா சோறு எறங்கல.”

உடைந்த இடுப்போடு ஒருத்தி வெயிலில் கிடக்க, ஒரு மனிதன் ஸ்பானரைத் தேடியிருக்கிறான். மிளகாய் ஓரடி எடுத்து வைத்தாள். ஒல்லி தன் மொத்த உடம்பையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“வேணாம் மேடம். நீங்க அடிச்சா இவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். ஜெயிலுக்குத்தான் போகணும்.”

இன்ஸ்பெக்டரின் முகம் பல நிறம் மாறியது. கேமராக்கள் இப்போது அவர் பக்கமும் திரும்பியிருந்தன. முதலாளியின் தோளில் கை வைத்தபோது, லத்தியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அந்த மெக்கானிக்க எப்ப விடுவீங்க?” என்று கேட்டாள் மிளகாய்.

“இப்பவே, மேடம். கையெழுத்து போட்டதும்...”

“விட்டதும் அவன்கிட்ட மன்னிப்பு கேளுங்க. நான் நின்னு பாப்பேன்.”

கேட்டார். அவள் நின்று பார்த்தாள்.

மெக்கானிக்கை நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். குருவி எதற்காக அந்த வண்டியில் ஏறினாள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மிளகாய் தாழ்வாரத்தில் அண்ணியைக் கேட்டாள். “சொல்லுங்க” என்றாள் அண்ணி. “ஊர்ல ஒருத்தன் நமக்குப் பண்ணினத நாமளே மறைக்கணுமா? முழுசா சொல்லுங்க.”

கட்டிலருகே வைத்தே முழுவதையும் சொன்னாள். மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“என் வேலைக்காகவா ஏறின? அந்த வேலை போனா மயிரே போச்சுன்னு எறங்கி வந்திருக்க வேண்டாமா?”

“எனக்கு ஞாபகம் இல்லண்ணா” என்றாள் குருவி. “ஆனா நான் ஏறியிருப்பேன்.” கண்ணீர் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், வரவில்லை. “மேடம், அந்தப் பெரிய சக்கர வண்டி இப்போ எங்க?”

“ஷோரூம் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தாங்க. எடுத்துட்டு வந்து ஸ்டேஷன்ல பூட்டியாச்சு.”

“யாரும் தொடக் கூடாது. கோர்ட்டுல அது பக்கத்துல நான் நிக்கணும். அந்தப் பின்சக்கரம் என் ஒடம்புல எது வரைக்கும் வருதுன்னு அந்தாளே வந்து தன் கையால அளக்கணும். எல்லாரும் பாக்கணும்.”

அண்ணி போர்வையைச் சரிசெய்தாள். “எப்ப எழுந்து நிக்க முடியும்னு டாக்டர் இன்னும் சொல்லலையேடி” என்றாள் தணிந்த குரலில்.

“டாக்டரக் கேட்டுக்கிட்டு நான் எந்த மலையிலயும் எறங்கினதில்ல அண்ணி” என்றாள் குருவி.